மருத்துவமனையில் ஆறடி மீன் தொட்டி: அனுமதிக் கடிதத்திலிருந்து முதல் கோடை வரை

ஆந்திராவின் நகரி, புத்தூர், சித்தூர் வட்டாரத்தில் மீன் வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து, குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு பெரிய தொட்டி வைத்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால், முதல் கூட்டத்திலேயே பேச்சு மீனுக்குத் தாவிவிடும். ஒருவர் ஆஸ்கார் என்பார், இன்னொருவர் அரவானா என்பார், மூன்றாமவர் கடல் தொட்டியே வைத்துவிடலாம் என்பார். அப்புறம் திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஆரம்பிப்பார்கள். இந்த இரண்டு பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் வராது.

வீட்டுத் தொட்டியில் மீன் செத்தால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இங்கே தொட்டிக்கு முன்னால் உட்காருவது ஊசிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். இரண்டாவது முறை வரும்போதே மீனுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். மூன்றாவது முறை வந்தால் அது எங்கே என்று கேட்பார்கள். மீன் சாகக் கூடாது, தொட்டியால் எந்தக் குழந்தைக்கும் நோய் வரக் கூடாது. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் மனதில் வைத்துப் போட்டது.

கணக்கு எல்லாம் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள நன்னீர்த் தொட்டிக்கு. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். சல்லி போட்டு, மேலே இரண்டு அங்குலம் விட்டால் கையில் இருப்பது 600 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. மருந்து அளவுக்கு 600 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர்

எல்லோரும் நேராக சூப்பரின்டென்டென்ட் அறைக்குப் போகிறார்கள். அவர் சிரித்த முகத்தோடு "தாராளமா வைங்க" என்பார். ஆனால் பிறகு தொட்டியை எடுக்கச் சொல்லக் கூடியவர் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் நர்ஸ். அவரை முதலில் பாருங்கள்; அவர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு சூப்பரின்டென்டென்டிடம் போங்கள்.

அந்த நர்ஸ் கேட்கப்போவதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். நோயாளிகளைக் கவனிக்கும் இடங்களில் மீன் தொட்டியைத் தவிர்க்கச் சொல்கிறது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2003-ல் வெளியிட்ட மருத்துவமனைச் சுற்றுச்சூழல் வழிகாட்டுதல். காரணம் இருக்கிறது. மீன் தொட்டித் தண்ணீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியாகப் புகுந்து ஆறாத கட்டியாக நிற்கும். எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. ஆகவே புற்றுநோய் வார்டு, தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பிரிவு, தீக்காய வார்டு எதற்கும் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். புறநோயாளிகள் காத்திருக்கும் கூடம் ஒன்றுதான் சரியான இடம்.

நீங்களாகவே எழுதிக் கொடுக்க வேண்டியவை: மூடி பூட்டியிருக்கும், பிள்ளைகள் கை விட முடியாது; குமிழி வெடித்துத் தெறிக்கும் நீர் வெளியே வராது; தொட்டித் தண்ணீரைக் கை கழுவும் தொட்டியிலோ பாத்திரம் கழுவும் இடத்திலோ கொட்ட மாட்டோம்; எங்கள் வாளி, குழாய், ஸ்பாஞ்ச் தனி. இந்த நான்கையும் அவர் கேட்பதற்கு முன்னால் சொன்னால் பேச்சு சுலபமாக முடியும்.

2. இரண்டாம் வருடத்துக்கு யார்?

கண்ணாடி வாங்குவதற்கு முன் இதைத் தீர்த்துவிடுங்கள். முதல் மாதம் பதினைந்து பேர் வருவார்கள். தீபாவளி, பொங்கல் தாண்டினால் மூன்று பேர் மிஞ்சுவார்கள். அந்த மூன்று பேர் யார் என்று இப்போதே தெரிந்தால் தொட்டி வையுங்கள். தெரியாவிட்டால் நான்கடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லைப் பக்கத்துக் குழுக்களில் பாதிப் பேர் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் இருப்பார்கள், தொட்டி ஆந்திராவுக்குள் இருக்கும். தண்ணீர் ஒழுகுகிறது என்று இரவு பத்து மணிக்குப் போன் வந்தால் வண்டி எடுத்து இருபது நிமிடத்தில் வரக்கூடிய ஒருவரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். இன்னொரு சாவி செக்யூரிட்டி மேசையில்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். தொட்டி யாருடையது, கரன்ட் பில் யாருக்கு, கண்ணாடி உடைந்தால் யார் செலவு, குழு கலைந்தால் யார் எடுத்துப் போவது. சூப்பரின்டென்டென்ட் மாறிப் போவார். புதிதாக வருபவருக்கு வாய்வார்த்தை தெரியாது. காகிதம் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும், கூடத்தில் மாட்டும் பலகை தமிழ், தெலுங்கு இரண்டிலும்.

3. எடை, இடம், உயரம்

தண்ணீர் 600 கிலோ, 12 மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 120 கிலோ, சல்லியும் கல்லும் 80 கிலோ, இரும்பு ஸ்டாண்டும் பலகையும் சேர்த்தால் மொத்தம் ஒரு டன்னைத் தொடும். அது நிற்கும் பரப்பு 12 சதுர அடிதான். அதாவது சதுர மீட்டருக்கு 800, 900 கிலோ. வார்டு தளங்களுக்கு நம் கட்டட விதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான். ஆகவே தரைத்தளம். மாடியில்தான் இடம் என்று சொன்னால் கட்டடப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் தொடாதீர்கள். "பீரோ எல்லாம் நிக்குது சார், இது நிக்காதா" என்று மேஸ்திரி சொல்வதை வைத்து முடிவெடுக்க முடியாது.

தரைத்தளத்திலும் அடியில் சம்ப்போ வடிகால் அறையோ இருக்கிறதா என்று கேளுங்கள். கழிவுத் தொட்டி மூடி மேல் தொட்டியை நிறுத்தப் பார்த்தவர்கள் உண்டு.

ஜன்னல் வெயில் விழும் சுவர் வேண்டாம். பாசியும் சூடும் சேர்ந்து வரும். ஸ்ட்ரெச்சர் திரும்பும் மூலை வேண்டாம். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். பகலில் ஏசி ஓடி இரவில் நின்றால் தண்ணீர் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பத்தடிக்குள் தரை வடிகால் இருந்தால் நல்லது.

உயரத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பெரியவர்கள் நின்று பார்க்கத் தோதாக மூன்றடி ஸ்டாண்ட் செய்துவிடுவார்கள். நான்கு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து மூன்றடி சுமாரில் இருக்கும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே உயரம். தொட்டியின் அடி இரண்டடியில் இருந்தால் நடுத்தண்ணீர் அந்தக் கண்ணுக்கு நேராக வரும்.

4. தண்ணீரைச் சோதித்துவிட்டு மீனை யோசியுங்கள்

இந்தப் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது. கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கினால் 800, 1200 என்று காட்டுவது சாதாரணம். பிஎச், அதாவது தண்ணீரின் அமில, கார அளவு, 8 பக்கம் நிற்கும். மருத்துவமனையில் மேலே உள்ள டேங்க்கில் பிளீச்சிங் பவுடர் தாராளமாக விழும். அது அளவாக விழுவதில்லை, திங்கட்கிழமை ஒரு மாதிரி, வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி. எனவே ஒரு நாள் எடுத்துப் பார்த்தது போதாது. ஒரு வாரம், காலை மாலை, டிடிஎஸ், பிஎச், குளோரின் மூன்றையும் எழுதி வையுங்கள்.

நமக்கு வேண்டியது 300-லிருந்து 500 டிடிஎஸ். ஆயிரம் இருக்கும் போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்தால் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடும். முதல் நிரப்பலுக்கு 300 லிட்டர் ஆர்ஓ, அதாவது 20 லிட்டர் கேன் பதினைந்து. வாரா வாரம் மாற்றும் 120 லிட்டருக்கு மூன்று கேன். கேன் போடும் பையனிடம் இப்போதே சொல்லி வைத்துவிடலாம்.

டயாலிசிஸ் பிரிவில் ஆர்ஓ இருக்கிறதே, அதன் கழிவு நீர் இலவசமாக ஓடுகிறதே என்று யாராவது சொல்வார்கள். கழிவாக வெளியே வருவது உப்பு செறிந்த நீர். அதைத் தொட்டிக்கு எடுக்கக் கூடாது.

குளோரினுக்கு ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் போதும். 100 லிட்டருக்கு 1 கிராம் என்றால் வழக்கமாகக் குழாயில் வரும் குளோரினுக்குத் தாங்கும். பிளீச்சிங் போட்ட அன்று மட்டும் போட்டபின் திரும்பவும் சோதியுங்கள்.

5. கண்ணாடியும் ஸ்டாண்டும்

12 மில்லிமீட்டர் கண்ணாடி, மேல் விளிம்பில் நீளவாக்கில் பட்டையும் குறுக்கே இரண்டு பட்டையும். பட்டை இல்லாமல் ஆறடி நீளக் கண்ணாடி நடுவில் உப்பும். ஒட்டு மெல்ல விடும். அடியிலோ பின்னாலோ ஓட்டை போட வேண்டாம். ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு ஒழுகல் வாய்ப்பு, இங்கே ஒழுகினால் வழுக்கி விழப்போவது கைக்குழந்தையோடு வரும் அம்மா.

சிலிக்கான், பூஞ்சை தடுப்பு மருந்து கலக்காததாக இருக்க வேண்டும். பாத்ரூம் சிலிக்கானில் அந்த மருந்து இருக்கும், மீனுக்கு விஷம். ஒட்டும் வேலையைக் கடையிலேயே முடித்துவிடுங்கள். சிலிக்கான் உலரும்போது வினிகர் நெடி நாள் கணக்கில் அடிக்கும். இருமல் பிள்ளைகள் உட்காரும் கூடத்தில் அதை ஒரு மணி நேரம்கூட வைக்க முடியாது. ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, கடை வாசலில் சமதளத்தில் நிரப்பி மூன்று நாள் வைக்கச் சொல்லுங்கள். மூலைகளில் டிஷ்யூ பேப்பர் வைத்து ஈரம் பாருங்கள்.

ஸ்டாண்டுக்கு 40-க்கு 40 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய், ஆறு கால், துருப்பிடிக்காத பெயின்ட். மேலே 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், அதன் மேல் அரை அங்குலத் தெர்மகோல். ஒரு மணல் துகள் அடியில் மாட்டினாலும் கண்ணாடி அந்தப் புள்ளியில் விரிசல் விடும்; தெர்மகோல் அதை விழுங்கிக்கொள்ளும். ஸ்டாண்டைச் சுவரோடு ஆங்கிள் வைத்து போல்ட் போடுங்கள். பிள்ளைகள் ஏறுவார்கள். தொட்டிக்கு நான்கு அங்குலம் முன்னால் ஒரு கைப்பிடிக் கம்பி ஓடினால் ஏறவும் முடியாது, கண்ணாடியில் சாயவும் முடியாது.

6. கரன்ட்

மருத்துவமனை எலக்ட்ரீஷியன் இல்லாமல் எந்த வயரையும் இழுக்காதீர்கள். ஜெனரேட்டர் லைன் இரண்டு வகை: உயிர்காக்கும் கருவிகளுக்கு ஒன்று, விளக்கு, விசிறிக்கு ஒன்று. இரண்டாவதில்தான் நமக்கு இடம். தனி எம்சிபி (அதிக கரன்ட் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). ஈரக் கையும் மின்சாரமும் சேரும் இடத்தில் பேச்சுக்கே இடமில்லை.

சாக்கெட்டைத் தொட்டிக்கு அடியில் வைக்காமல் பக்கவாட்டில், தரையிலிருந்து இரண்டடி மேலே வையுங்கள். ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலேறட்டும். வயர் வழியாக இறங்கும் சொட்டு அந்த வளைவில் தரைக்கு விழும், சாக்கெட்டுக்குள் போகாது.

இரண்டு ஃபில்டருக்கும் தனித்தனி சுவிட்ச். சுவிட்சின் மேல் "அணைக்காதீர்கள்" என்று இரண்டு மொழியிலும். ஒட்டாவிட்டால் செல்போன் சார்ஜர் போட யாராவது பிடுங்கிவிடுவார்கள், சத்தியமாக.

7. கொண்டுவந்து நிறுத்துவது

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல். ஓபி இல்லை, கூட்டம் இல்லை, தண்ணீர்த் தேவையும் குறைவு. முந்தின நாளே வாசல் அகலம், சாய்தளத் திருப்பம், கூடத்துக் கதவு மூன்றையும் டேப் வைத்து அளந்திருக்க வேண்டும்.

காலித் தொட்டியே 120 கிலோ. ஆறு பேர், அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். மேல் பட்டையைப் பிடித்துத் தூக்கினால் ஒட்டு விடும். கயிறு கட்டக் கூடாது. கண்ணாடிக் கடையில் வேக்குவம் கப் இரவல் கிடைக்கும்.

ஸ்டாண்டை முதலில் வைத்து, கொத்தனார் டியூப் லெவல் போட்டு நான்கு மூலையும் சமமா பாருங்கள். ஸ்பிரிட் லெவலை ஆறடிக்கு நம்ப முடியாது. சரியில்லை என்றால் காலுக்கு அடியில் தகடு வையுங்கள், தொட்டிக்கு அடியில் வைக்கக் கூடாது. பிறகு வெறும் தண்ணீர் பாதி நிரப்பி ஒரு இரவு, முழுக்க நிரப்பி இன்னொரு இரவு. மட்டம் இறங்கவில்லை, மூலை ஈரமில்லை என்றால் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

8. ஃபில்டர், சல்லி, தண்ணீர்

மணிக்கு 1500 லிட்டர் தள்ளும் கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர், இரண்டு. மணிக்கு 3000 தள்ளும் ஒன்று விலை குறைவுதான். ஆனால் அது நின்றால் எல்லாம் நின்றது. இரண்டு இருந்தால் ஒன்று பழுதானாலும் மீன் தாங்கும், கழுவும்போதும் மாறி மாறிக் கழுவலாம்.

உறிஞ்சும் குழாயின் வாயை தொட்டியின் பாதி உயரத்தில் நிறுத்துங்கள். கீழே ஏதாவது குழாய் கழன்றால் தண்ணீர் அந்த வாய் வரைதான் இறங்கும். மீதிப் பாதியில் மீன் இருக்கும், தரையில் கொட்டுவதும் பாதியாகும். திரும்பி வரும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் அதுவும் பின்னோக்கி இழுக்காது. ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், அல்லது குழாயில் நான் ரிட்டர்ன் வால்வ் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரன்ட் போகும் நேரத்தில் தொட்டித் தண்ணீர் பம்புக்குள் வந்துவிடும்.

சல்லியை வாங்கும் முன் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. ஏற்கனவே கடினமான தண்ணீர் இன்னும் கடினமாகும். இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமாகப் போடத் தேவையில்லை. கழுவுவதை வெளியில் முடித்துவிட்டுத்தான் கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும். சோப்பு எந்த நிலையிலும் வேண்டாம்.

நிரப்பும்போது சல்லி மேல் ஒரு தட்டு வைத்து அதன் மேல் ஊற்றுங்கள். போரும் ஆர்ஓவும் கலந்து, ஹைப்போ கரைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு நாள் கழித்து டிடிஎஸ் எடுத்து எழுதுங்கள்.

9. மீன் இல்லாத வாரங்கள்

இங்கேதான் குழுக்கள் தோற்கின்றன. தொட்டி தெளிவாக இருக்கும், விளக்கு எரியும், பிள்ளைகள் வந்து "மீன் எங்கே அண்ணா" என்று கேட்பார்கள். சூப்பரின்டென்டென்ட் விழாத் தேதி கேட்பார். யாராவது இருபது மீனைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பத்து நாளில் ஒவ்வொன்றாக மேலே மிதக்கும்.

மீன் கழிவும் மிச்சத் தீவனமும் அம்மோனியா ஆகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவதைத் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். அந்த பாக்டீரியா ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் போன்றவற்றில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊர் பிஎச் 8 தண்ணீரில் இது இன்னும் முக்கியம்: 30 டிகிரியில், பிஎச் 7-ல் இருப்பதைவிட 8-ல் அம்மோனியாவின் விஷப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு.

மீன் இல்லாமல் பாக்டீரியாவுக்கு உணவு போட வேண்டும். அம்மோனியம் குளோரைடுதான் அதற்கு. நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கேட்டால் கிடைப்பதும் அதே பொருள். ஆனால் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதற்கு வரும் சரக்கில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வகத்துக்கு ரசாயனம் விற்கும் கடையில் சுத்தமானதை வாங்குங்கள். 600 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்.

சொட்டு மருந்துச் சோதனைக் கிட் வாங்குங்கள். பட்டைத்தாள் நிறம் ஆளுக்கு ஒன்றாகத் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து ஃபில்டரை மறைக்கும் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் எழுதுங்கள். அம்மோனியா இறங்கியதும் திரும்ப 4 கிராம். 4 கிராம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் ஆகிவிட்டால் தொட்டி தயார். அன்றைக்குப் பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை இறக்கிவிட்டு, சூப்பரின்டென்டென்டுக்கு விழாத் தேதி சொல்லுங்கள்.

குழுவில் யாருடைய வீட்டிலாவது நோயில்லாமல் ஓடும் ஃபில்டர் இருந்தால் அதன் ஸ்பாஞ்சில் பாதியை எடுத்து இங்கே போட்டால் இரண்டு வாரம் மிச்சமாகும். ஈரமாகவே கொண்டுவர வேண்டும்; காய்ந்தால் பயனில்லை. இந்த வேலையை ஆடியில் ஆரம்பித்தால் ரொம்பத் தோது. ஆடியில் யாரும் விழா வைக்க மாட்டார்கள், ஆவணியில் மீன் விடலாம், கோடை வர மாசக்கணக்கில் இருக்கும்.

காத்திருக்கும் நாளில் கூடத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள்: மீன்கள் வருவதற்கு முன் வீடு தயாராகிறது என்று, படத்தோடு. கேள்வி பாதியாகக் குறையும்.

10. எந்த மீன், எவ்வளவு, எப்படி

கடினத் தண்ணீரையும் சூட்டையும் பொறுக்கும் மீன்தான். மோலி, பிளாட்டி, சுவார்ட்டெயில், ரெயின்போ மீன் வகைகள், கௌராமி. நிறமும் ஓட்டமும் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் போதும். குட்டி போடும் வகைகளில் ஆணாக மட்டும் பார்த்து எடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் தொட்டி கொள்ளாது.

கோல்டு ஃபிஷ் எல்லோரும் கேட்பார்கள். கழிவு அதிகம், சூடு ஆகாது, வேண்டாம். ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன், அரவானா மூன்றும் மற்ற மீனைக் கடித்துப் பிள்ளைகள் கண்முன்னால் விழுங்கும். கேரளத்து மிஸ் கேரளா அழகு, ஆனால் குளிர்ந்த ஓடும் ஆற்று நீர் மீன், நம் மே மாதத்தில் தவிக்கும். பாசி தின்னும் என்று சக்கர் மீன் கேட்பார்கள். அது ஒன்றரை அடி வளரும், பிறகு ஏரியில் விடத் தோன்றும். சென்னைப் பக்கத்து நீர்நிலைகளில் அது பெருகிக் கிடப்பது அப்படித்தான். சாயம் ஏற்றிய மீனை வாங்கவே வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு சென்னை கொளத்தூர். திருத்தணி, திருவள்ளூர் வழியாக இரண்டு மூன்று மணி நேரத்தில் நகரி வந்துவிடலாம். மாலையில் ஆக்சிஜன் பை போட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்தபின் கிளம்புங்கள். ஆனால் நேராக மருத்துவமனைக்கு வராதீர்கள். யாராவது ஒருவர் வீட்டில் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளி, துடுப்பு அழுகல் எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். இந்த மூன்று வாரம் தொட்டியில் பாக்டீரியா குடியேறும் நேரத்திலேயே கழியும், தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் தவணை பதினைந்து மீன். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு அரை மணி நேரத்துக்குள் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வலையில் எடுத்து விடுங்கள். பையைத் திறந்தபின் மணிக்கணக்கில் வைக்கக் கூடாது: திறந்ததும் பைத் தண்ணீரில் பிஎச் ஏறும், உள்ளே சேர்ந்திருக்கும் அம்மோனியா விஷமாகும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது. இரண்டு வாரம் அம்மோனியா பூஜ்ஜியத்திலேயே நின்றால் அடுத்த தவணை.

11. தீவனமும் மருந்து நாற்றமும்

பூட்டு இல்லாத மூடி என்றால் பன், பிஸ்கட், இட்லி எல்லாம் உள்ளே விழும். பூட்டு இருந்தாலும் செக்யூரிட்டி, ஆயா, டியூட்டி மாறும் சிஸ்டர் மூன்று பேரும் தனித்தனியாகத் தீவனம் போட்டால் அதே கதி. வழி சுலபம். மருந்துக் கடையில் ஏழு நாள் மாத்திரை டப்பா கிடைக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு நாளைக்கான தீவனத்தை அளந்து போட்டு, காலை டியூட்டி சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். திங்கள் அறை காலியாக இருந்தால் திங்களுக்குப் போட்டாயிற்று. ஞாயிறு அறையில் எதுவும் போடாதீர்கள், ஒரு நாள் பட்டினி மீனுக்கு நல்லதே. பெரிய தீவன டப்பா மருத்துவமனையில் இருக்கவே கூடாது.

வீட்டுத் தொட்டிக்கு இல்லாத ஆபத்து ஒன்று இங்கே இருக்கிறது. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். துடைக்கும் பினாயில் நெடி, கொசு மருந்துப் புகை, அறையை மூடி அடிக்கும் ஃபார்மலின் எல்லாம் அந்த வழியாக உள்ளே போகும். கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனுக்கு மிகச் சிறிய அளவே போதும். ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரின் எண்ணை வாங்கி, புகை அடிக்கும் நாளுக்கு முந்தின நாள் சொல்லச் சொல்லுங்கள். அன்று ஏர் பம்பை நிறுத்தி, ஃபில்டர் திரும்பும் வாயை நீருக்குள் தாழ்த்தி, பிளாஸ்டிக் விரிப்பால் தொட்டியை மூடிவிடுங்கள். கேனிஸ்டர் ஓடும்வரை சில மணி நேரம் மீன் தாங்கும். கண்ணாடியில் நேராக ஸ்பிரே அடித்துத் துடைக்க வேண்டாம், ஈரத் துணி போதும் என்று துடைக்கும் அக்காவிடம் ஒரு தடவை பக்கத்தில் நின்று காட்டிவிடுங்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கு இறுக்கமான மூடி. டெங்கு வார்டு வாசலில் ஏடிஸ் கொசு வளர்த்த குழு என்று பெயர் வாங்க வேண்டாம்.

12. வாராவாரம்

ஐந்தில் ஒரு பங்கு, 120 லிட்டர். தண்ணீர் இறக்கும் சைஃபன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். கையால் அமுக்கும் பம்ப் வையுங்கள். கையில் காயம் இருப்பவரும் சளி, காய்ச்சல் இருப்பவரும் அந்த வாரம் வர வேண்டாம். முழங்கை வரை கையுறை. வேலை நடக்கும்போது இரண்டு பக்கமும் "ஈரத் தரை" பலகை. கழிவு நீர் தோட்டத்துக்கோ கழிப்பறைக்கோ.

ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்று, ஒன்பதாம் படியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வைக்கும். ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றொன்று.

இடைப்பட்ட நாளில் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள். நீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும்.

விளக்கு டைமரில் எட்டு மணி நேரம், ஓபி நேரத்தை ஒட்டி.

13. முதல் கோடை

சித்திரை பிறந்ததும் தெர்மாமீட்டரைத் தினமும் பார்க்க ஒருவரை நியமியுங்கள். தண்ணீர் 32 டிகிரி ஏறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் கூடும். இரண்டும் எதிரெதிராகப் போவதால்தான் அக்னி நட்சத்திரத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. மூடியில் ஒரு பகுதியை வலை போட்டு, அதன் மேல் சிறு விசிறி ஓட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வலையும் பூட்டோடு இருக்கட்டும். விசிறி ஓடும் நாளில் ஆவியாவது அதிகம், ஆர்ஓ கேன் கூடுதலாகச் சொல்லி வையுங்கள். தீவனம் பாதி. ஐஸ் கட்டி போடாதீர்கள், ஏறி இறங்கும் சூடு நிலையான சூட்டைவிடக் கெடுதல்.

கரன்ட் போய் ஜெனரேட்டரும் ஓடாமல் நான்கைந்து மணி நேரம் ஆகிவிட்டால், கேனிஸ்டரை அப்படியே திரும்ப ஓடவிடக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா செத்து, தண்ணீர் அழுகியிருக்கலாம். சுவிட்ச் போட்ட நிமிடமே அது தொட்டிக்குள் வரும். திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓடவிடுங்கள். இதைப் பூட்டுச் சாவி வைத்திருக்கும் செக்யூரிட்டிக்கும் இரண்டு வரியில் எழுதி ஒட்டுங்கள்: கரன்ட் நீண்ட நேரம் போனால் பேட்டரி ஏர் பம்பை ஆன் செய்யவும், இந்த எண்ணுக்குப் போன் செய்யவும், ஃபில்டர் சுவிட்சை நாங்கள் வரும்வரை அணைத்து வைக்கவும்.

எவ்வளவு பார்த்தாலும் ஒரு மீன் ஒரு நாள் சாகும். காலை ஏழு மணிக்கு, ஓபி திறக்குமுன், யார் வந்து தொட்டியைப் பார்ப்பது என்று முறை போட்டு வையுங்கள். செத்ததை எடுத்து, அம்மோனியா சோதித்து, எழுதுங்கள். அதே வகை மீன் இரண்டு மூன்று எப்போதும் குழுவில் ஒருவர் வீட்டுத் தொட்டியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கட்டும். சோதனை பூஜ்ஜியம் என்றால் அதிலிருந்து ஒன்றை அன்றைக்கு மாலையே கொண்டுவந்து விடலாம், பூஜ்ஜியம் இல்லை என்றால் காரணம் தெரியும்வரை எதையும் விடாதீர்கள்.